பரிணாம அல்காரிதத்தைக் கிளவுடில் ஓட்டுவது: டர்பனிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் படிக்கிற பிள்ளைகளும், சென்னை, கோவையிலிருந்து வந்து ஜோஹன்னஸ்பர்க்கில் ஐ.டி. வேலை பார்க்கிற நண்பர்களும் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பரிணாம அல்காரிதம் என்றால் என்ன? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

ஒரு சிக்கலுக்குப் பல விடைகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, நல்லவற்றைக் கலந்து, கொஞ்சம் அங்கங்கே மாற்றி, அடுத்த தலைமுறையை உண்டாக்குவது. இதையே நூற்றுக்கணக்கான தலைமுறைகள் செய்வது. 1960களில் பெர்லினில் ரெசென்பெர்க்கும் ஷ்வெஃபெலும், அமெரிக்காவில் மிச்சிகனில் ஜான் ஹாலண்டும் ஒருவரையொருவர் சாராமல் இந்த வழிக்கு வந்தார்கள். மதிப்பெண்ணை ஆங்கிலத்தில் ஃபிட்னஸ் என்பார்கள். நான் இங்கே மதிப்பெண் என்றே எழுதுகிறேன்.

நம்ம ஊரில் இது எதற்கு உதவும்?

கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனுக்கு வடக்கே கடற்கரையோரம் போனால் வழிநெடுக கரும்புக் காடுதான். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்திறங்கியவர்கள் இந்தக் கரையோரத் தோட்டங்களுக்குத்தான் போனார்கள். இன்றைக்கு அங்கே உள்ள தலைவலி வேறு. வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்க அதில் உள்ள சர்க்கரை குறையும். ஆனால் எல்லாப் பண்ணையும் ஒரே காலையில் வெட்டி அனுப்பினால் ஆலை வாசலில் எடைமேடைக்கு முன்னால் லாரிகள் வரிசை கட்டும். பிற்பகலில் ஆலை கரும்பில்லாமல் நிற்கும். நின்ற ஆலையைத் திரும்ப ஓட்டுவது செலவு பிடித்த வேலை.

ஒரு நாளைக்கு 60 லாரி நடை என்று வைத்துக்கொள்வோம். அவற்றை வரிசைப்படுத்தும் வழிகள் மட்டுமே 10-இன் 81ஆம் அடுக்குக்கு மேல் போகும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வழியே இல்லை. ஒரு வரிசையைக் கொடுத்தால் அந்த நாள் முழுவதையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, மொத்தக் காத்திருப்பு எவ்வளவு, ஆலை எத்தனை நிமிடம் சும்மா நின்றது என்று மதிப்பெண் போடலாம். இந்த மாதிரி இடத்தில்தான் பரிணாம அல்காரிதம் கை கொடுக்கும்.

ஒரு நாளை ஓட்டிப் பார்க்க 2 விநாடி ஆகிறது என்று வையுங்கள். ஒரே நேரத்தில் வைத்திருக்கும் விடைகளின் கூட்டத்தில் 1000 விடைகள், 500 தலைமுறை. மொத்தம் 5 லட்சம் ஓட்டம், 10 லட்சம் விநாடி. ஒரே கோரில் (புராசசருக்குள் உள்ள ஒரு கணிப்பு அலகில்) ஓட்டினால் பதினோரு நாளைக்கு மேல் ஆகும். அதற்குள் நாளைக்கு எந்த லாரி முதலில் போவது என்ற கேள்வியே காலாவதியாகிவிடும். கிளவுடை, அதாவது இணையத்தின் வழியாக வாடகைக்கு எடுக்கும் மெஷின்களைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பது இங்கேதான்.

அப்படியானால் 1000 மெஷின் எடுத்தால் 1000 மடங்கு வேகமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எளிதான அமைப்பு இது: ஒரு மாஸ்டர் மெஷின், பல வொர்க்கர் மெஷின்கள். மாஸ்டர் விடைகளைப் பங்கு போட்டு அனுப்பும், வொர்க்கர்கள் மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். தேர்வு, கலப்பு எல்லாம் மாஸ்டரிடமே. வொர்க்கர் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் வேலை குறையும். ஆனால் மாஸ்டர் பேச வேண்டிய ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வொர்க்கரிடமும் கொடுத்து வாங்க 5 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு தலைமுறைக்கு ஆகும் நேரம் இப்படி வரும்: 2000 விநாடியை (1000 விடை, தலா 2 விநாடி) வொர்க்கர் எண்ணிக்கையால் வகுத்து, அதோடு வொர்க்கர் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

போட்டுப் பாருங்கள். 100 வொர்க்கருக்கு 20.5 விநாடி. 200-க்கு 11. 632-க்கு 6.3. 1000-க்கு 7. ஆமாம், 1000 மெஷின் 632-ஐ விட மெதுவு. எரிக் கான்டு-பாஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1990களின் கடைசியில் இந்தக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தார். கூட்டத்தின் அளவை ஒரு மதிப்பீட்டு நேரத்தால் பெருக்கி, தொடர்பு நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் உச்ச எண்ணிக்கை. அதற்கு மேல் போடும் ஒவ்வொரு மெஷினும் உங்களைப் பின்னுக்கு இழுக்கும்.

இப்போது பணத்தைப் பாருங்கள். 632 வொர்க்கரோடு 500 தலைமுறையும் 53 நிமிடத்தில் முடியும். 200 வொர்க்கரோடு ஒன்றரை மணி நேரம். ஆனால் மெஷின்-விநாடிக் கணக்கில் முதலாவது 20 லட்சம், இரண்டாவது 11 லட்சம். கிட்டத்தட்ட பாதிப் பணத்துக்கு நாற்பது நிமிடம் கூடக் காத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நான் எப்போதும் 200 பக்கம்தான். உச்ச எண்ணிக்கை என்பது வேகத்துக்கு உச்சம். பர்ஸுக்கு உச்சம் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும்.

என்னுடைய மதிப்பீடு ஒரு மில்லிவிநாடிதான் ஆகிறது. எனக்கும் இதே கணக்கா?

கணக்கு அதேதான், விடை வேறு. 1000-ஐ 0.001-ஆல் பெருக்கி 0.005-ஆல் வகுத்தால் 200. வர்க்கமூலம் 14. அந்த 14 வொர்க்கரோடும் ஏழு மடங்கு வேகம்தான் கிடைக்கும். உங்கள் லேப்டாப்பில் 8 கோர் இருந்தால் கிளவுடையே மறந்துவிடுங்கள். மதிப்பிடும் நிரலை நம்பையில் (பைதான் மொழிக்கான கணக்கு நூலகம்) வரிசை வரிசையாகக் கணக்கிடுகிற மாதிரி திருத்தி எழுதினால் இதைவிடப் பெரிய லாபம் வரும், ஒரு சென்ட் செலவில்லாமல்.

ஹடூப் படித்திருக்கிறேன். அதில் ஓட்டலாமா?

பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பங்கு போட்டு வேலை செய்யும் மென்பொருள்தான் ஹடூப். அதில் ஓட்டலாம். ஓட்டியும் பார்த்திருக்கிறார்கள். கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-இல் மேப்ரிட்யூஸை, அதாவது ஒரு பெரிய வேலையை மேப், ரிட்யூஸ் என்ற இரண்டு கட்டமாகப் பல மெஷின்களில் ஓட்டும் முறையை, வெளியிட்டார்கள். ஹடூப் 2006-இல் வந்தது. 2008, 2009 வாக்கில் பரிணாம அல்காரிதத்தில் ஒரு வகையான மரபணு அல்காரிதத்தை மேப்ரிட்யூஸில் எழுதும் ஆராய்ச்சிகள் வரத் தொடங்கின. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வர்மா, யோரா, கோல்ட்பெர்க், கேம்பெல் நால்வரும் 2009-இல் செய்தது அதில் முக்கியமானது. மேப் கட்டத்தில் ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண். ரிட்யூஸ் கட்டத்தில் தேர்வும் கலப்பும். ஒரு தலைமுறைக்கு ஒரு மேப்ரிட்யூஸ் வேலை.

இதில் ஒரு இடம் ரசிக்கத்தக்கது. எந்த விடை எந்த ரிட்யூசருக்கு (ரிட்யூஸ் கட்டத்தைச் செய்பவருக்கு) போக வேண்டும் என்பதை ஹடூப் வழக்கமாக ஹேஷ் போட்டு, அதாவது விடையிலிருந்தே ஒரு எண்ணைக் கணக்கிட்டு, முடிவு செய்யும். அச்சாக ஒன்றாகவே இருக்கும் விடைகளுக்கு ஒரே ஹேஷ், அதனால் அவை எல்லாம் ஒரே ரிட்யூசருக்குப் போய்ச் சேரும். முதல் தலைமுறைகளில் ஒன்றும் தெரியாது. தேடல் முற்றிக் கூட்டம் முழுக்க ஒரே ஜாடைக்கு வரும்போது, ஒரு ரிட்யூசரின் தலையில் மொத்த வேலையும் விழுந்து மற்றவை சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் அவர்கள் அந்தப் பிரிப்பானைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைக்கிற ஒன்றை எழுதிப் போட்டார்கள். பொதுக் காரியத்துக்குச் செய்த கருவியை நம் காரியத்துக்குக் கொண்டுவரும்போது இந்த மாதிரி இடம்தான் காலை வாரும்.

சரி, இன்றைக்கு நீங்கள் செய்யலாமா? வேண்டாம் என்பேன். ஹடூப் ஒவ்வொரு தலைமுறையையும் டிஸ்கில் எழுதி மறுபடி படிக்கும். ஒரு வேலையைத் தொடங்கவே பல விநாடி பிடிக்கும். 500 தலைமுறை என்றால் 500 தொடக்கம். அதே மாதிரி வேலைக்கான ஸ்பார்க் என்ற மென்பொருள் டேட்டாவை நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதால் எவ்வளவோ தேவலை. ஆனால் உங்கள் டேட்டா பெரிதாக இல்லாவிட்டால் ஸ்பார்க்கும் வீண் பாரம்தான்.

டேட்டா உண்மையிலேயே பெரிதாக இருந்தால்?

அப்போது கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. இதுவரை கூட்டத்தைப் பங்கு போட்டோம். இனி டேட்டாவைப் பங்கு போட வேண்டும்.

கரும்பு லாரிகளின் ஜிபிஎஸ் பதிவு 400 ஜிபி இருக்கிறது, அதிலிருந்து பயண நேரத்தைக் கணிக்கும் சூத்திரத்தைப் பரிணாம முறையில் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு சூத்திரம் ஒரு கேபி இருக்குமா? ஆயிரம் சூத்திரம் சேர்ந்தாலும் ஒரு எம்பிதான். சூத்திரத்தை வொர்க்கருக்குக் கொடுத்து, அவர் 400 ஜிபியையும் இழுத்துப் படிப்பது மடத்தனம். டேட்டாவை 100 மெஷினில் 4 ஜிபி வீதம் ஒரு தடவை இறக்கி நினைவகத்தில் உட்கார வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரம் சூத்திரங்களையும் எல்லா மெஷினுக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு மெஷினும் தன்னிடம் உள்ள பங்குக்கு மட்டும் பிழையின் வர்க்கக் கூட்டலைப் போட்டு ஆயிரம் எண்களைத் திருப்பி அனுப்பும். அவற்றைக் கூட்டினால் மதிப்பெண் ரெடி. ஸ்பார்க் இதற்கென்றே பிறந்தது போல இருக்கும்.

ஆனால் மதிப்பெண் கூட்டிச் சேர்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். சராசரி வர்க்கப் பிழை, சரியாகச் சொன்னவற்றின் எண்ணிக்கை இதெல்லாம் கூட்டலாம். பிழையின் இடைநிலை மதிப்பு (மீடியன்) வேண்டும் என்றால் பங்குகளின் இடைநிலைகளை வைத்து முழுவதன் இடைநிலையைச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் முழு டேட்டாவையும் பார்க்காமல், புதிதாக ஒரு சதவீதத்தை எடுத்து அதில் மட்டும் மதிப்பெண் போடுவது. மதிப்பெண் கொஞ்சம் ஆடும். ஆனால் பரிணாம அல்காரிதம் அந்த ஆட்டத்தைத் தாங்கும், ஏனென்றால் ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் தப்பியது அடுத்த தலைமுறையில் வேறொரு சதவீத டேட்டாவின் முன்னால் நிற்க வேண்டும். முழு டேட்டாவைக் கடைசிச் சில போட்டியாளர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 400 ஜிபி வேலை பல சமயம் ஒரே பெரிய மெஷினில் முடிந்துவிடும்.

தீவு முறை (ஐலண்ட் மாடல்) என்கிறார்களே, அது என்ன?

தீவு என்றதும் மொரீஷியஸ் சொந்தக்காரர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள், அதுவும் தப்பில்லை. ஒரே பெரிய கூட்டத்துக்குப் பதிலாகப் பல சிறு கூட்டங்கள். ஒவ்வொன்றும் தன் மெஷினில் தனியாகப் பரிணாமம் அடையும். சில தலைமுறைக்கு ஒரு தடவை நல்ல விடைகளில் ஒன்றிரண்டு பக்கத்துத் தீவுக்குப் போகும்.

பேச்சு குறைவதால் மெஷின்கள் எண்ணிக்கை கூடினாலும் தாங்கும். ஜான் கோசா 1999-இல் 1000 பென்டியம் கணினிகளைக் கோத்து மரபணு நிரலாக்கம் (நிரல்களையே பரிணாமம் அடைய விடுவது) ஓட்டியதும் இந்த வகைதான். ஆனால் மாஸ்டர்-வொர்க்கர் முறையிலிருந்து இது வேறுபடும் இடத்தைக் கவனியுங்கள். அதில் எத்தனை மெஷின் போட்டாலும் அல்காரிதம் மாறாது, விடை மாறாது, நேரம் மட்டும் மாறும். தீவு முறை வேறு அல்காரிதம். தீவுகள் தனித்தனியாக இருப்பதால் ஒரு சுமாரான விடை எல்லா இடத்தையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ள முடியாது. அதனால் சில சிக்கல்களில் 16 மெஷினுக்கு 16 மடங்குக்கு மேலேயே வேகம் வந்ததாகக் காட்டுகிறார்கள். அந்தக் கூடுதல் வேகம் வன்பொருளால் வருவதில்லை. குறைவான மதிப்பீட்டில் விடை கிடைத்தது, அவ்வளவுதான். நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் ஒரே மெஷினிலும் தீவுகளாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

குடிபெயர்வு எவ்வளவு அடிக்கடி? அடிக்கடி விட்டால் எல்லாத் தீவும் ஒன்றாகிவிடும். விடவே இல்லையென்றால் தனித்தனிச் சிறு ஓட்டங்கள்தான் மிஞ்சும். 10, 20 தலைமுறைக்கு ஒரு தடவை என்று தொடங்கிப் பாருங்கள்.

ஸ்பாட் மெஷின் மலிவு என்கிறார்கள். பாதியில் பிடுங்கிக்கொண்டால்?

பிடுங்கட்டும். கிளவுட் நிறுவனங்கள் சும்மா கிடக்கும் மெஷின்களை மலிவாகத் தருகின்றன. அமேசானில் தள்ளுபடி 90 சதவீதம் வரை போகும், ஆனால் இரண்டு நிமிட அறிவிப்பில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கூகுளில் 30 விநாடிதான். வங்கி நிரலை இப்படி ஓட்ட முடியாது. பரிணாம அல்காரிதத்தை ஓட்டலாம். ஒரு வொர்க்கர் செத்தால் அதன் கையிலிருந்த விடைகளை வேறொருவருக்குக் கொடுத்தால் போதும். கொடுக்காமல் விட்டாலும் ஆயிரத்தில் ஐந்து குறைந்ததால் குடி முழுகிவிடாது.

மாஸ்டரை மட்டும் ஸ்பாட்டில் வைக்காதீர்கள். சில தலைமுறைக்கு ஒரு தடவை கூட்டம், தலைமுறை எண், ரேண்டம் எண் இயந்திரத்தின் நிலை மூன்றையும் சேமியுங்கள். மூன்றாவதை எல்லோரும் மறப்பார்கள். அது இல்லாவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஆனால் அதே ஓட்டம் திரும்பக் கிடைக்காது.

ஒரு வொர்க்கர் மெதுவாக இருந்தால் எல்லோரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டுமா?

தலைமுறை தலைமுறையாக ஓட்டினால் ஆமாம். அதைத் தவிர்க்க, யார் முடித்தாலும் உடனே அடுத்த விடையைக் கொடுத்து, தலைமுறை என்ற கோடே இல்லாமல் ஓட்டலாம். ஆனால் சீக்கிரம் மதிப்பிட முடிகிற விடைகள் அதிகமாகப் பெருகும். சூத்திரம் தேடும்போது சின்னச் சூத்திரம் சீக்கிரம் முடியும், அதனால் கூட்டம் சின்னச் சூத்திரங்கள் பக்கம் சாயும். சில சமயம் அது நல்லதும்கூட.

ஓபன்ஏஐ இதில் ஏதோ செய்ததாமே?

2017-இல். கணினிக்குள் இருக்கும் ஒரு மனித உருவப் பொம்மைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும் சிக்கலை 1440 கோர்களில் பத்து நிமிடத்தில் முடித்தார்கள், பரிணாம உத்தி முறையில். நியூரல் நெட்வொர்க்கின் எடைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவற்றை ஒவ்வொரு தடவையும் அனுப்பினால் மெஷின்களுக்கு இடையே உள்ள இணைப்பு திணறும். அவர்கள் எல்லா வொர்க்கருக்கும் ரேண்டம் எண்களின் விதையை (அதே எண் வரிசையைத் திரும்ப உண்டாக்கும் தொடக்க எண்ணை) முன்கூட்டியே பகிர்ந்துவிட்டார்கள். யார் எந்த மாற்றத்தைப் போட்டார் என்பதை எல்லோருமே தாங்களாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கம்பியில் போக வேண்டியது மதிப்பெண் ஒன்றே ஒன்றுதான். மேலே 5 மில்லிவிநாடி என்று பயமுறுத்தினேனே, அந்த எண்ணைக் குறைக்க இதைவிட அழகான வழியை நான் பார்த்ததில்லை.

கேப் டவுன் டேட்டா சென்டரா, அயர்லாந்தா?

முதலில் ஒரு பெருமை: இசி2 என்ற அமேசானின் வாடகை மெஷின் சேவையே கேப் டவுனில் கிறிஸ் பிங்கம் தலைமையில் ஒரு சிறு குழு கட்டியதுதான். 2006 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆனால் அமேசானின் டேட்டா சென்டர் மண்டலம் கேப் டவுனுக்கு வந்தது 2020 ஏப்ரலில்தான். மைக்ரோசாஃப்ட் 2019-லேயே இங்கே திறந்துவிட்டது. கூகுள் 2024-இல் ஜோஹன்னஸ்பர்க்கில்.

இந்த வேலைக்குத் தூரம் முக்கியமில்லை. நீங்கள் ஒரு தடவை அனுப்பி, ஒரு தடவை விடையை வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். மாஸ்டரும் வொர்க்கர்களும் ஒரே மண்டலத்தில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அயர்லாந்து, வர்ஜீனியா பெரும்பாலும் கேப் டவுனைவிட மலிவு. விலைப்பட்டியல் டாலரில் இருக்கும், ரேண்ட் சரிந்தால் பில் ஏறும், மேலே 15 சதவீத வாட் வேறு.

டேட்டாவில் ஆட்களைப் பற்றிய விவரம் இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். லாரியின் ஜிபிஎஸ் பதிவு ஓட்டுநர் எங்கே போனார், எங்கே நின்றார் என்பதையும் சொல்லும். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் தென்னாப்பிரிக்காவின் போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் இருக்கிறது. நாட்டுக்கு வெளியே அனுப்ப நிபந்தனைகள் உண்டு. ஓட்டுநர் அடையாளத்தை நீக்கிவிட்டு அனுப்புவதோ, கேப் டவுனிலேயே வைத்துக்கொள்வதோ நல்லது.

மாணவன் நான். கிரெடிட் கார்டே இல்லை.

பல்கலைக்கழக ஆராய்ச்சி என்றால் கேப் டவுனில் உள்ள தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்துக்கு உங்கள் வழிகாட்டி மூலம் விண்ணப்பியுங்கள். 2016-இல் அங்கே நிறுவிய லெங்காவ் கணினி ஒரு பீட்டாஃப்ளாப் வகை, அதாவது விநாடிக்குப் பத்து கோடி கோடி கணக்குப் போடும் அளவு. வரிசையில் காத்திருக்க வேண்டும், ஆனால் கல்வி ஆராய்ச்சிக்குப் பில் வராது.

கரண்ட் போனால்?

லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) 2024 மார்ச் கடைசியிலிருந்து நன்றாக அடங்கியது, 2025-இல் நடுநடுவே எட்டிப் பார்த்தது. டேட்டா சென்டருக்கு ஜெனரேட்டர் உண்டு, உங்கள் வீட்டு ரூட்டருக்கு இல்லை. இணைப்பு அறுந்ததும் ஓட்டமும் செத்துப் போகாமல் இருக்க கிளவுட் மெஷினில் டிமக்ஸ் (நீங்கள் துண்டிக்கப்பட்டாலும் நிரலை ஓடவிடும் கருவி) உள்ளே தொடங்குங்கள். ஒரு வரிக் காரியம்.

எதில் தொடங்கலாம்?

பைதானில் டீப் என்ற இலவச நூலகம். அதில் மதிப்பிடும் இடத்தில் ஒரு மேப் செயல்பாடு (ஒரே வேலையை ஒவ்வொரு விடைக்கும் செய்வது) இருக்கும். முதலில் அதைச் சாதாரண மேப்பாக வைத்து, ஒரு மதிப்பீட்டுக்கு எவ்வளவு நேரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே இடத்தில் மல்டிபிராசசிங் மேப்பை மாட்டினால் லேப்டாப்பின் எல்லாக் கோரும் வேலை செய்யும். அதற்கும் மேல் வேண்டுமானால் வேலையைப் பல மெஷின்களுக்குப் பரப்பும் ஸ்கூப், டாஸ்க் போன்ற நூலகங்களின் மேப்பை மாட்டலாம். மீதி நிரலைத் தொடவே வேண்டாம். அளந்த எண் கையில் இல்லாமல் என்னிடம் எத்தனை மெஷின் என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை.

எல்லா வொர்க்கரும் ஒரே மாதிரி விடையையே கொடுக்கின்றன. ஏன்?

லினக்ஸில் ஒரு புராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) வொர்க்கர்களாகப் பிரிக்கும்போது நம்பையின் ரேண்டம் நிலையும் அப்படியே நகலாகிப் போகும். மாற்றத்தை வொர்க்கர்களுக்குள் செய்தால் எல்லோரும் அதே எண்களை எடுத்து அதே மாற்றத்தைச் செய்வார்கள். 50 கோருக்குப் பணம் கட்டி ஒரு கோர் வேலையை வாங்குகிறீர்கள். நம்பையின் சீட்சீக்வென்ஸில் ஸ்பான் என்று ஒன்று உண்டு. ஒரு தாய் விதையிலிருந்து ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனி விதை கொடுக்கும். தொடக்கத்திலேயே அதைப் போட்டுவிட்டு, முதல் தலைமுறையில் வேறுபட்ட விடைகள் எத்தனை என்று எண்ணி அச்சிடச் சொல்லுங்கள்.